22 அடிக் கடதாசியும் நாங்களும்

உணவகத்தில் கோப்பை கழுவிய கதை, தொழிற்சாலையில் கோழி வெட்டிய கதை, விடியப்புறப் பனியில் வீடு வீடாகப் பேப்பர் போட்ட கதை எல்லாவற்றையும் இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். எங்களுடையது கொஞ்சம் வேறுமாதிரி. நாங்கள் படம் மாற்றினோம். படம் என்றவுடன் சினிமாப் படம் என்று நினைக்கவேண்டாம். கட்டடம் கட்டுகிறவர்கள் வரைகிற பெரிய வரைபடங்கள். அவற்றை ஸ்கான் செய்து, கணனியில் பிடிஎப் கோப்பாக மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் 2006ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் இருவருக்கும் இரவு வேலை கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணி தொடக்கம் இரவு ஒரு மணி வரை. ஸ்காபரோவில், இறைச்சிக் கடைக்கும் கார் திருத்தும் இடத்துக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு மண்டபம்.

எங்களில் ஒருவர் ஊரில் 11 வருடம் படவரைஞராக வேலை பார்த்தவர். மற்றவர் கணக்கு ரீச்சர். (யார் எது செய்தார், யார் எந்தப் பிழையை விட்டார் என்று இந்தக் கட்டுரையில் பிரித்துச் சொல்லமாட்டோம். அந்த வழக்கு வீட்டில் இன்னும் தீரவில்லை.) கனடா வந்து ஐந்து வருடத்தில் எங்கள் பழைய தொழிலுக்குக் கிட்டவாக ஒரு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆகவே சம்பளம் குறைவு என்றாலும் சந்தோஷமாகப் போனோம்.

வரைபடம் என்றால் எவ்வளவு பெரியது என்று முதலில் சொல்லவேண்டும். இங்கே கட்டடக்காரர் பாவிக்கும் பெரிய தாள் 36 அங்குலம் அகலம், 48 அங்குலம் நீளம். எங்கள் சாப்பாட்டு மேசையை விடப் பெரிது. சிலது கடதாசி. சிலது மாப்பசை ஏற்றிய துணி. சிலது மைலார் என்கிற பிளாஸ்ரிக் தாள். மிகப் பழையது நீலப் பிரதி, அதாவது நீல நிலத்தில் வெள்ளைக் கோடு. கனடா 1970களில் மெற்றிக் அளவுக்கு மாறிய நாடு. ஆகவே ஒரே கட்டடத்தின் பழைய படத்தில் அடியும் அங்குலமும் இருக்கும், பிறகு கூட்டிக் கட்டிய பகுதியின் படத்தில் மில்லிமீற்றர் இருக்கும்.

பகலில் குயானாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் இந்தப் படங்களை ஸ்கானருக்குள் ஒவ்வொன்றாக விடுவார். சுருண்டுபோனவற்றை முதல்நாளே விரித்து, மேலே பாரம் வைத்து நிமிர்த்தி வைத்திருப்பார். விட்ட ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பாடசாலைக் கொப்பியில் ஒரு கோடு போடுவார். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. பெட்டிக்கு ஒரு பக்கம். கணனி தானே எண்ணும், இது எதற்கு என்று நாங்கள் மனதுக்குள் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்புக்கு வந்த வினையைப் பிறகு சொல்கிறோம்.

ஸ்கானர் அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் படிக்கும். கணக்கு ரீச்சர் முதல் நாளே ஒரு துண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். 36 அங்குலத்துக்கு 14,400 புள்ளி. 48 அங்குலத்துக்கு 19,200 புள்ளி. பெருக்கினால் ஒரு தாளுக்கு 27 கோடியே 64 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி. ஒரு புள்ளி கறுப்பா வெள்ளையா என்பதை மட்டும் எழுதினாலே 34 மெகாபைட்டுக்கு மேல். நிறத்தில் எடுத்தால் 829 மெகாபைட். அந்த நாளில் எங்கள் வீட்டுக் கணனியின் நினைவகம் முழுவதும் 512 மெகாபைட்தான்.

இந்தப் பாரத்தைக் குறைப்பதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. பக்ஸ் இயந்திரங்களுக்காக 1980களில் வகுத்த குறூப் 4 என்னும் சுருக்கும் முறை. ஒவ்வொரு வரியையும் முழுக்க எழுதாமல், மேல் வரியிலிருந்து எந்த இடத்தில் மாறுகிறது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகும். கோட்டுப் படத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளைதானே. 34 மெகாபைட் பெரும்பாலும் ஒரு மெகாபைட் அளவுக்குச் சுருங்கிவிடும். ஸ்கானர் இப்படிச் சுருக்கி, ரிஃப் என்ற வகைக் கோப்பாக வைக்கும். ஆனால் வாடிக்கையாளருக்கு ரிஃப் வேண்டாம். எந்தக் கணனியிலும் திறக்கக்கூடிய பிடிஎப் வேண்டும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த வகை அப்போது எல்லா அலுவலகங்களிலும் புகுந்துவிட்டிருந்தது.

மாற்றுவதுதான் எங்கள் வேலை. கோப்பைத் திற. அது திரையில் வரும்வரை காத்திரு. வேறு பெயரில் சேமி என்று அழுத்து. படத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் பெயர்ப்பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்து, படத்தின் இலக்கத்தை வாசித்து, அதையே கோப்பின் பெயராகத் தட்டு. மூடு. அடுத்தது. ஒன்றுக்கு நாலு நிமிடம். எங்களோடு இன்னொருவரும் இருந்தார். வந்து எட்டு மாதமான ஒரு தம்பி. அவருடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஊரில் தாயும் இரண்டு தங்கைகளும். நாங்கள் மூன்று பேரும் இரவு முழுக்கக் கண் எரிய எரிய இருந்தால் 300 படம் முடியும். நல்ல நாளில் 330.

மார்கழியில் கடைக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு நிறுவனம் தன் பழைய களஞ்சிய அறையை மூடுகிறது. 24,000 படங்கள். மாசி முடிவுக்குள் எல்லாம் பிடிஎப் ஆகவேண்டும். முடிந்த பெட்டிகள் வெள்ளிக்கிழமை தோறும் லொறியில் ஏறிக் கடதாசி அரைக்கும் இடத்துக்குப் போகும். திரும்பி வராது. இரவு ஒன்றுக்கு 400 படம் முடித்தால்தான் தவணைக்குச் சரிவரும். முதலாளி மண்டபத்தின் நடுவில் நின்று, இன்னும் இரண்டு பேரை எடுக்கவேண்டும் அல்லது ஒப்பந்தத்தை விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு பஸ்ஸில் வரும்போதே கதை தொடங்கியது. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய மனிதர் எதற்கு? ஒரு அடுக்கில் உள்ள எல்லாக் கோப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து இப்படிச் செய் என்று கணனிக்கு எழுதிக் கொடுக்கலாம். விண்டோஸில் அதைப் பாட்ச் பைல் என்பார்கள். எங்களில் ஒருவர் சனிக்கிழமைகளில் நூலகத்தில் இலவச வகுப்புக்குப் போய் அதைக் கொஞ்சம் படித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் சத்தமில்லாமல் சண்டை பிடித்தோம். பிள்ளை நித்திரை.

"செய்து காட்டினால் முதலாளி சிரிப்பார். அடுத்த கிழமை, மூண்டு பேர் என்னத்துக்கு, ஒரு ஆள் காணும் எண்டுவார்."

"செய்யாட்டிலும் மாசிக்குள்ள முடியாது. ஒப்பந்தம் போனால் மூண்டு பேரும் வீட்டைதான்."

"தம்பிக்கு என்ன சொல்லுறது?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் மறுமொழி இருக்கவில்லை. முடிவில் ஒரு கள்ளமான முடிவெடுத்தோம். முதலாளிக்குச் சொல்லாமல் செய்து பார்ப்பது. தம்பிக்கு மட்டும் சொல்வது.

முதல் முயற்சி படுதோல்வி. இமேஜ்மாஜிக் என்று ஒரு இலவச நிரல் உண்டு. எந்தப் படத்தையும் எந்த வகைக்கும் மாற்றும். நல்ல நிரல்தான், இன்றும் பாவிக்கிறார்கள். ஆனால் அது படத்தை மாற்றுவதற்கு முதல் முழுவதையும் விரித்துப் பார்க்கும். நாங்கள் எடுத்த பதிப்பு ஒரு புள்ளிக்கு 8 பைட் இடம் கேட்டது. வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிக்கும் அதே 8 பைட். எங்கள் 27 கோடிப் புள்ளியை எட்டால் பெருக்கிப் பாருங்கள், 2.2 கிகாபைட். கடையின் கணனியில் இருந்தது ஒரு கிகாபைட். மிச்சத்தை அது வன்தட்டில் எழுதி, வாசித்து, எழுதி, வாசித்து, ஒரு படத்துக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. கையால் செய்தால் நாலு நிமிடம்! தம்பி வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு கிழமை தேடிய பிறகு வழி கிடைத்தது. ரிஃப் கோப்புகளைக் கையாளுவதற்கென்றே லிப்ரிஃப் என்ற இலவசத் தொகுதி உண்டு. அதோடு வருகிற சின்ன நிரல் ஒன்றின் பெயரே ரிஃப்-ரூ-பிடிஎப். அதன் கெட்டித்தனம், வேலை செய்யாமல் விடுவது. பிடிஎப் வகையே குறூப் 4 சுருக்கத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே படத்தை விரிக்கத் தேவையில்லை. சுருக்கியது சுருக்கியபடியே தூக்கிப் புதிய உறைக்குள் வைத்தால் போதும். கடிதத்தை வாசித்துத் திரும்ப எழுதுவதற்கும், கவரை மட்டும் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு நிபந்தனை, படம் கோப்புக்குள் ஒரே கீற்றாக இருக்கவேண்டும். பல கீற்றுகளாக வெட்டி வைத்திருந்தால் அந்த நிரலும் விரித்துத்தான் எழுதும். ஸ்கானரின் அமைப்பில் அதற்கு ஒரு தெரிவு இருந்தது. நல்லகாலம்.

300 படம் இருபது நிமிடத்தில் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் கைதட்டவில்லை.

பிழைகள் வரிசையாக வந்தன. முதல் பிழைதான் தலைப்பில் உள்ள 22 அடிக் கடதாசி. சில ரிஃப் கோப்புகளில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற குறிப்பு எழுதப்படாமல் இருந்திருக்கிறது. குறிப்பு இல்லாவிட்டால் நிரல் 72 என்று எடுத்துக்கொண்டது. 19,200 புள்ளியை 72ஆல் பிரித்தால் 266 அங்குலம். அதாவது 22 அடிக்கு மேல் நீளமான ஒரு தாள்! பிடிஎப் திறக்கும் நிரல் 200 அங்குலத்துக்கு மேற்பட்ட தாளைத் தாங்காது என்று முறையிட்டது. வரைபடத்தில் கோடு சரியாக இருந்து அளவு பிழைத்தால் அது படமே அல்ல, வெறும் சித்திரம். கட்டளையிலேயே 400 என்று நாங்களாக எழுதிக் கொடுத்து அதைச் சரிசெய்தோம்.

அடுத்தது, கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் கணனி அதை இரண்டு கோப்பு என்று நினைத்தது. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டோம். பிறகு, பெரியவர் பின்னேரம் சுணங்கி நின்று ஸ்கான் செய்த நாட்களில், ஸ்கானர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை எங்கள் நிரல் இடையில் பறித்தெடுத்து, பாதிக் கட்டடத்தோடு ஒரு பிடிஎப் செய்தது. ஆகவே முழுதாக முடிந்த பெட்டியின் அடுக்கை மட்டும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதில் ஓடவிட்டோம். நீலப் பிரதிகள் பெரும் கரைச்சல். வெள்ளைக் கோடு, இருண்ட நிலம். தலைகீழாக்காமல் விட்டால் பக்கம் முழுக்கக் கறுப்பு. அச்சடிக்கிறவனின் மை ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பெயர் தட்டும் வேலையை மட்டும் நிரலுக்குக் கொடுக்க முடியவில்லை. பெயர்ப்பெட்டியில் 1950களில் ஒருவர் கையால் எழுதிய இலக்கத்தை அன்றைய எங்கள் கணனி வாசிக்காது. அதனால் பெரியவரே ஸ்கான் செய்யும்போது இலக்கத்தைத் தட்டிவிடுவது என்று அவரோடு பேசி ஒழுங்கு செய்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறோம்.

இப்படி ஆறு இரவுகள் கள்ளமாக ஓடவிட்டோம். ஐந்து மணிக்கு வந்து, பெட்டி அடுக்குகளைத் தயார் செய்து, ஓடவிட்டுவிட்டு, திரைக்கு முன்னால் இருந்து வேலை செய்வதுபோல் நடித்தோம். வெட்கம்தான். மணித்தியாலச் சம்பளம். மாசிக்குள் ஒப்பந்தம் முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொன்னோம்.

தம்பிக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. முதலாளி திடீரென்று வந்தால் தன்னை முதலில் அனுப்புவார் என்ற பயம் அவருக்கு. கையில் ஏதாவது வேலை இருப்பதாகத் தெரியவேண்டும் என்பதற்காக, பெரியவருடைய கொப்பியை எடுத்துக் கோடுகளை எண்ணத் தொடங்கினார். ஆறாவது நாள், வியாழக்கிழமை, இரவு பதினொன்றரை இருக்கும்.

"அண்ணை, அக்கா, ஒருக்கா வாங்கோ. பெரியவற்றை கொப்பியில 1,846. எங்கட அடுக்கில 1,815தான் கிடக்கு."

"வடிவா எண்ணினீரோ?"

"மூண்டு தரம் எண்ணினனான். 31 குறையுது."

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கட்டடப் படங்களுக்கு இலக்கம் போடுவதில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. கட்டட அமைப்புப் படத்துக்கு 'ஏ', இரும்பு கொங்கிறீற் வேலைக்கு 'எஸ்', மின்சாரத்துக்கு 'ஈ'. ஏ-101 என்றால் அநேகமாக நிலத்தளத்தின் படம். அது ஒவ்வொரு கட்டடத்துக்கும் இருக்கும்! வேறு வேறு பெட்டியிலிருந்து வந்த இரண்டு ஏ-101ஐயும் எங்கள் நிரல் ஒரே அடுக்கில் எழுதியிருக்கிறது. இரண்டாவது, முதலாவதின் மேல் ஏறிக் குந்திவிட்டது. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். கையால் செய்த காலத்தில் 'இந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அழிக்கவா' என்று கணனி கேட்கும். நாங்கள் கட்டடப் பெயரைக் கூடச் சேர்த்துத் தட்டுவோம்.

அதைவிட மோசமான பிழை ஒன்றும் விட்டிருந்தோம். மாற்றி முடித்த ரிஃப் கோப்பை நிரலே அழித்துவிடும்படி எழுதியிருந்தோம். ஒரு கோப்பை இரண்டு தரம் மாற்றாமல் இருப்பதற்கு அது ஒரு சுகமான வழியாகத் தெரிந்தது. ஆக அந்த 31 படமும் கணனியில் எங்குமே இல்லை. கடதாசியில் மட்டும்தான் இருந்தது. கடதாசி ஒன்பது பெட்டியில், பிளாஸ்ரிக் சுற்றி, கதவடியில் நின்றது. லொறி காலை ஏழு மணிக்கு.

அந்த நேரம் எங்களில் ஒருவர் சொன்னதை மறைக்கப்போவதில்லை. "24,000த்தில 31. ஆர் பாக்கப்போகினம்?" அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் படங்களில் பல இனி ஒருநாளும் திறக்கப்படாமலே போகலாம். முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தால் 31 படத்தை மட்டும் சொல்லமுடியாது. ஆறு இரவுக் கள்ளத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். நாங்கள் எது சொன்னாலும் அவருக்கும் சேர்த்துத்தான்.

மற்றவர் மறுமொழி சொல்லவில்லை. மேலே கிடந்த பெட்டியின் பிளாஸ்ரிக்கைக் கத்தியால் கீறி, கைக்கு வந்த முதல் தாளை இழுத்து மேசையில் விரித்தார். துணித் தாள். நிலத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, எத்தனை அடி ஆழம் என்று காட்டுகிற படம். மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்துக்குள் இரண்டு எழுத்து. கீழே 1954 என்று ஆண்டு. படவரைஞருக்குத் தெரியும், அப்படி ஒரு தாள் மை பிடித்து முடிக்க எத்தனை நாள் வேண்டும் என்று. குழாய் இன்னும் நிலத்துக்குள் இருந்தால் அது எங்கே என்று சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

தொலைபேசி எடுத்தோம்.

முதலாளி பன்னிரண்டரைக்கு வந்தார். பைஜாமாவுக்கு மேல் ஓவர்கோட், காலில் பனிச் சப்பாத்து. கோபத்தோடு வந்தவர், திரையில் நிரல் ஓடுவதைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டார். ஆறு என்றோம். ஆறு இரவும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதற்கு நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். அடுத்து அவர் கேட்டது நாங்கள் எதிர்பாராதது. குறைகிறது என்று கண்டுபிடித்தது யார்? தம்பியைக் காட்டினோம். தம்பி கொப்பியைப் பின்னால் ஒளித்தார்.

பிறகு நாலு பேருமாக ஒன்பது பெட்டியையும் பிரித்தோம். பெட்டி பெட்டியாக இலக்கங்களை வாசித்து எழுதி, இரண்டு இடத்தில் வருவதைத் தேடினோம். 29 இலக்கங்கள் அகப்பட்டன. அவற்றில் இரண்டு, மூன்று தரம் வந்திருந்தன. ஆக 31. கணக்குச் சரி. எந்தத் தாள் அழிந்தது, எது மிஞ்சியது என்று ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுத்து வைக்க நாலு மணியாகிவிட்டது. பெரியவர் ஐந்து மணிக்கு வந்து 31 தாளையும் திரும்ப ஸ்கான் செய்தார். லொறிக்காரர் ஏழுக்கு வந்து, முக்கால் மணித்தியாலம் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த திங்கள் தொடக்கம் ஒழுங்கு மாறியது. கோப்பின் பெயரில் முதலில் பெட்டி இலக்கம், பிறகு படத்தின் இலக்கம். அதே பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் நிரல் எழுதாது, ஒரு பட்டியலில் முறைப்பாடு எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகும். ரிஃப் கோப்பை அழிப்பதில்லை, 'முடிந்தது' என்ற அடுக்குக்கு மாற்றும். கொப்பியில் உள்ள தொகையும் கணனியில் உள்ள தொகையும் ஒன்றாகி, ஒரு ஆள் கையெழுத்து வைத்த பிறகுதான் பெட்டி கதவடிக்குப் போகும். அந்தக் கையெழுத்து வைக்கும் ஆளாகத் தம்பியை முதலாளி நியமித்தார். பத்தில் ஒரு படத்தைத் திரையில் விரித்து, ஓரம் வெட்டுப்படவில்லையா, தாளின் அளவு சரியா என்று பார்ப்பதும், நீலப் பிரதி என்றால் ஒன்று விடாமல் பார்ப்பதும் அவர் வேலை. ஆறு இரவுச் சம்பளத்தை முதலாளி வெட்டவில்லை. ஆனால் இனி எதையும் முதலில் தனக்குச் சொல்லவேண்டும் என்று சொன்ன குரல் இன்னும் காதில் நிற்கிறது.

மாசி 26ஆம் திகதி 24,000மும் முடிந்தது. பங்குனியில் இரவு வேலை நிறுத்தப்பட்டது. குசினிச் சண்டையில் சொன்னது ஓரளவு நடந்தது. எங்களில் ஒருவருக்குப் பகல் வேலை கிடைத்தது. மற்றவர் ஏழு மாதம் வீட்டில் இருந்தார். தம்பி வெதுப்பகம் ஒன்றில் மா குழைக்கப் போனார். நாங்கள் அந்த நாலு வரியை எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு இன்னும் சில மாதம் வேலை இருந்திருக்குமோ என்று பலநாள் யோசித்திருக்கிறோம். அவரைக் கேட்டதும் உண்டு. "அண்ணை, ஒப்பந்தம் போயிருந்தால் மார்கழியிலயே போயிருப்பன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. 2008இல் அவருடைய வழக்கு வென்றது. பிறகு அந்த முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய், ஒரு கட்டட நிறுவனத்தின் ஆவணப் பகுதியில் சேர்ந்தார். இன்று அங்கே அவருக்குக் கீழே நாலு பேர்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் பலரிடம் ஒரு சூட்கேஸ் அடியில் இப்படி ஒரு தாள் இருக்கும் என்பதுதான். எங்களிடமும் இருந்தது. அம்மம்மா வளவின் நில அளவைப் படம். 20 அங்குல அகலம், 26 அங்குல நீளம், எட்டாக மடித்தது. கொழும்பில் லொட்ஜில் இருந்தபோதும் தலையணைக்குக் கீழே இருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்து, நடு மடிப்பில் கிணறு கிழிந்துகொண்டிருந்தது. அந்த மாசியில் ஒருநாள் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மூன்று நாள் கண்ணாடித் தட்டுக்குக் கீழே வைத்து நிமிர்த்தி, ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, ஸ்கானருக்குள் விட்டார். காசு வாங்கவில்லை.

உங்களிடம் இருந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு அது காணும் என்று இருந்துவிடாதீர்கள். கையில் பிடித்து எடுத்த படத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் பெருத்து மற்றப் பக்கம் சிறுத்து வரும். வாசிக்கலாம், அளக்க முடியாது. பெரிய படம் அச்சடிக்கும் கடைகளில் தாளைத் தட்டையாக வைத்து, நிறத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். நொத்தாரிசின் முத்திரையும் நில அளவையாளரின் கையெழுத்தும் கறுப்பு வெள்ளையில் மங்கிவிடும். பிடிஎப் ஒன்று, மாற்றாத மூலப் படம் ஒன்று, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நெடுநாள் வைத்திருப்பதற்கென்று பிடிஎப்-ஏ என்ற வகையை 2005இலேயே அனைத்துலகத் தரமாக்கினார்கள், அதையும் கேட்கலாம். பல தாள் இருந்து நீங்களே மாற்றுவதானால், இமேஜ்-ரூ-பிடிஎப் என்ற இலவச நிரலும் எங்கள் பழைய நிரலைப்போல படத்தை விரித்துக் கெடுக்காமல் உறையை மட்டும் மாற்றும். கோப்புக்கு 'காணி' என்று மட்டும் பெயர் வைக்கவேண்டாம். ஊர், உறுதி இலக்கம், ஆண்டு எல்லாம் பெயரில் இருக்கட்டும். ஒரு பிரதியை வேறு நாட்டில் இருக்கும் சகோதரத்துக்கு அனுப்பிவிடுங்கள். பழைய தாளைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோகவேண்டாம், பிறகு அதைப் பிரிக்க முடியாது. ஸ்கான் செய்துவிட்டோமே என்று மூலத் தாளை எறியவும் கூடாது. வழக்கென்று வந்தால் கேட்பது அதைத்தான்.

எங்கள் இளைய மகளுக்கு இப்போது 16 வயது. போன வருடம் பாடசாலையில் 'குடும்பத்தின் இடம்' என்று ஏதோ ஒப்படை. அந்த பிடிஎப்பை எடுத்து வீட்டு அச்சுப்பொறியில் அடித்து, அடிமட்டத்தை வைத்து அளந்துகொண்டிருந்தாள். படத்தின் அளவுத்திட்டம் ஒரு அங்குலத்துக்கு 20 அடி.

"வீட்டுக்கும் கிணத்துக்கும் 24 அடிதானே. நீங்கள் ரெண்டுபேரும் பெரிய வளவு, பெரிய வளவு எண்டு சும்மா சொல்லியிருக்கிறியள்."

எங்களுக்குச் சுருக்கென்றது. கிட்டப்போய்ப் பார்த்தோம். அச்சுப்பொறியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவு விழுந்திருக்கிறது. 20 அங்குலத் தாளை 8 அங்குலத்துக்குள் அமுக்கி அடித்திருக்கிறது. கோடெல்லாம் சரி, அளவுதான் பிழை. 22 அடிக் கடதாசியின் மறுபக்கம்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு படக்கடைக்குப் போய், 'உள்ள அளவில்' என்று சொல்லி அடிப்பித்தோம். வந்து ஹோலில் கம்பளத்துக்கு மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு புத்தகம் வைத்தோம். அவள் முழங்காலில் இருந்து அடிமட்டத்தை வைத்தாள். வீட்டு மூலையிலிருந்து கிணற்றடி வரை மூன்று அங்குலம்.

"60 அடி" என்றாள். பிறகு எழும்பி, ஹோலில் இருந்து குசினிக் கதவு வரை காலால் அளந்துகொண்டு போனாள். கதவு 22 அடியில் வந்துவிட்டது.